ரோட்டுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

மனுஷனுக்குக் காய்ச்சல் பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆடு மாட்டுக்குப் பார்க்கிறவர்களும் உண்டு. ரோட்டுக்குக் காய்ச்சல் பார்த்தவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் சின்னமனூரில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருக்கிறார். நம்பாதவர்கள் சித்திரை மாதம் நட்ட நடு மத்தியானத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம். குடை கொண்டுவாருங்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. காச்சக்காரர் வீடு என்றால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட நேராக அங்கே போய் இறக்கிவிடுவார். தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார், வோல்டேஜ் ஏறி இறங்கினால் காயில் கருகிவிடும். கருகினதை உரித்துப் போட்டுவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். கொரோனா சமயத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் நெற்றியில் காட்டிப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் வாங்கினார். அந்தக் கண்டம் கழிந்ததும் எல்லோரும் அதைப் பரணில் போட்டார்கள். அவர் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின கோடையில் ஒரு நாள், துணி காயப்போட மாடிக்குப் போன நான் கீழே எட்டிப் பார்த்தால், மனிதர் நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து தாரின் மேல் மெஷினை நீட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து கீ கீ என்று கத்தியது.

"என்னண்ணே பண்றீக அங்கன?"

"காச்ச பாக்குறேன் தங்கச்சி. கத்துது பாத்தியா? ரோட்டுக்கு நல்ல காச்ச."

"அப்ப ஒரு மாத்திரையக் குடுத்து நெழல்ல படுக்கப் போடுங்க!"

நான் சொன்னதைக் கேட்டு எதிர்ச்சாரியில் நாலு வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பெயர் அன்றைக்கு வந்ததுதான். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ரோட்டுக்குப் பிறகு சாக்கடை மூடிக்குப் பார்த்தார், ரேஷன் கடைப் படிக்கட்டுக்குப் பார்த்தார், பார்க்கில் பிள்ளைகள் சறுக்குகிற தகரத்துக்குப் பார்த்துவிட்டு, "இதுல ஆம்லெட் போடலாம்" என்று கத்திப் பிள்ளைகளை விரட்டிவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய மகள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இனிமேல் இல்லை என்று புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மனசைத் தேற்றிக்கொண்டபிறகு பிறந்தவள். அதிலும் மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டவள். தெருவுக்கே அவள் பாப்பா. அந்தப் பங்குனியில் அவள் சுவரைப் பிடிக்காமல் முதல் முதலாக எட்டு வைத்தாள். தெருவே கைதட்டியது. காச்சக்காரர் மட்டும் பிள்ளையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ராணி அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ராணி அக்காதான் அவருடைய மனைவி. அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். பாப்பா பிறந்து தேனிப் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் வீரபாண்டி அம்மன் திருவிழாவில் ஆற்றில் குளிப்பாட்டி, உச்சிப் பூசை நேரத்துக்கு அவள் காலாலேயே நடக்கவைத்து ஆத்தா வாசலுக்குக் கூட்டிவருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதலுக்கு யாரும் செருப்புப் போட்டுப் போகமாட்டார்கள். திருவிழா சித்திரைக் கடைசியில். அந்த நேரத்து உச்சி வெயில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

காச்சக்காரர் சாமி இல்லை என்கிற ஆள் இல்லை. வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுத்தவர். "நெருப்ப என் கையில குடு, வாங்கிக்கிறேன். அவ காலுல எதுக்கு?" என்றார். காலையில் வெயிலுக்கு முன்னால் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். வேண்டினது உச்சிப் பூசைக்கு, பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் வந்து சொன்னதும் உச்சி நேரத்தில், அதனால் உச்சிக்குத்தான் என்று சொல்லிவிட்டார் ராணி அக்கா. அதற்கப்புறம் அவருக்கு ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. ஆத்தாளே பார்த்து, இதெல்லாம் ஒரு செருப்பா, போட்டுட்டு வரட்டும் என்று விட்டுவிடுகிற மாதிரி ஒரு செருப்பைக் கண்டுபிடிப்பது.

முதலில் மாட்டினது என் மகன். அவனுக்கு ரெண்டு வயசு. நடந்தால் கீச் கீச் என்று கத்துகிற, குதிங்காலில் லைட் எரிகிற செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். மேலே பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ. காச்சக்காரர் அவனை வாசலில் நிறுத்தி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"இது எதுக்குத் தங்கச்சி கத்துது?"

"புள்ள எங்க போறான்னு தெரியுமில்லண்ணே."

"அத பாக்கத்தான ஒனக்கு ரெண்டு கண்ணு?"

செருப்பைக் கழற்றி ரெண்டு கையாலும் வளைத்தார். வளையவில்லை. "பலகைய அறுத்து வார் வச்சிருக்கியான். இதப் போட்டுக்கிட்டுப் புள்ள எப்புடிக் கால மடக்கி நடக்கும்?" என்றவர், பூவைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பூ கையோடு வந்துவிட்டது. "பாரு. நீ அடுப்படியில நிக்கிறப்ப இது அவன் வாய்க்குள்ள போயிருந்தா?"

நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். மகன் பூவுக்காக அழுது தெருவைக் கூட்டினான். அவர் பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிவிட்டால் சத்தமே வரவில்லை. திருப்பிப் பார்த்தேன். காயில் கம்பி உருவுகிற குறட்டால் உள்ளே இருந்த ஊதலைப் பிடுங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் ஒரு மாசத்துக்கப்புறம் நிம்மதியாக மத்தியானம் தூங்கினார்.

தேனிக்குச் செருப்பு வாங்கப் போன கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ராணி அக்கா துணைக்குக் கூப்பிட்டார் என்று நானும் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை. விற்பனைக்கு நின்ற தம்பி குழந்தைச் செருப்பாக எடுத்து அடுக்கினார். காச்சக்காரர் ஒவ்வொன்றையும் முதலில் மோந்து பார்த்தார். ரப்பர் நாற்றம் அடித்ததெல்லாம் ஒரு பக்கம் தள்ளுபடி. பிறகு எடையைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். மிச்சத்தை வாரிக்கொண்டுபோய்க் கடை வாசல் வெயிலில் வரிசையாகக் காயவைத்தார். கடைக்கு வந்தவர்கள் தாண்டிக் குதித்து வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இடுப்பிலிருந்து மெஷினை எடுத்து நீட்டினார். கறுப்புச் செருப்பெல்லாம் கத்தியது. வெளிர் நிறத்தில் இருந்த ஒன்றிரண்டு மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தன.

"இவ்வளவுதான சார், எடுத்துக்கங்க," என்றார் அந்தத் தம்பி. பாவம், அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

"இருப்பா. நடந்து பாக்க வேணாமா?"

"பாப்பாவ நடக்க விடுங்க சார்."

"பாப்பா எப்புடிச் சொல்லுவா, எங்கன கடிக்குதுன்னு?"

சொல்லிவிட்டுச் செருப்புகளைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டார். கைவிரல்களை உள்ளே திணித்துக்கொண்டு, ரோட்டில் இறங்கி, நாலு காலில் தவழ ஆரம்பித்தார். ஆறடி ஆள். மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்து நின்றது. கடைத் தம்பி ஓடிவந்து, "எந்திரிங்க சார், ஓனர் வந்தாருன்னா என் வேல போயிரும் சார்" என்று கெஞ்சினார். வழியே போன ஒரு அம்மா என்ன நினைத்தாரோ, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். காச்சக்காரர் எழுந்து பழத்தை உரித்துப் பாப்பாவுக்குக் கொடுத்தார். "முன்னாடி வெரலு மூடியிருக்கதுதேன் நல்லது. கல்லு இடிக்குது," என்றார். ராணி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அளவுக்கு வந்தார்கள். ராணி அக்கா வாயைத் திறந்தது அப்போதுதான். "ரெண்டு சைஸ் கூடவே எடுங்க. வளர்ற காலு."

நானும் தலையாட்டினேன். நாம் எல்லோரும் செய்வதுதானே. முன்னால் பஞ்சை அடைத்துவிட்டால் ஆயிற்று.

"அடுத்த வருசத்துக் காலுக்கு அடுத்த வருசம் எடுப்போம்," என்றார் அவர். "இந்த வருசத்துக் காலு இந்தா இருக்கு. இதுக்கு எடு."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு என்றில்லை, சட்டை, பள்ளிக்கூடம், படிப்பு எல்லாமே நாம் வரப்போகிற பிள்ளைக்குத்தான் வாங்குகிறோம். இப்போது மடியில் இருக்கிற பிள்ளை அதில் தடுக்கித் தடுக்கி விழுகிறது. இந்த மனுஷனுக்கு எதிர்காலமே கிடையாது போலிருக்கிறது. அவர் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன அளவோ அதுதான் அவருக்குக் கணக்கு. நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. ஆனால் பொறாமையாக இருந்தது.

வெளிர் மஞ்சளில் துணிச்செருப்பு ஒன்று அமைந்தது. லேசான அடி, பின்னால் வார், முன்னால் மூடி. பாப்பா அதைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். காச்சக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று சாயங்காலம் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "பாத்தியா, தோலு இல்ல, ரப்பரும் பாதிதேன். ஆத்தாளுக்கு மஞ்சக் கலரு பிடிக்கும்."

ராணி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "தெருவுக்குப் போடுங்க. வீரபாண்டிக்கு ஆகாது," என்றார். கதை முடிந்தது.

முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர் மறுநாள் தெருமுனைக் கோயில் பூசாரியைப் பிடித்து, "சாக்ஸு செருப்புல சேருமா சாமி?" என்று கேட்டார். பூசாரி போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, சேரும் என்று ஒரு தடவையும் சேராது என்று ஒரு தடவையும் தலையாட்டினார். அது ராணி அக்காவிடம் எடுபடவில்லை. அடுத்த வாரம் வாழைமட்டையில் இறங்கினார். எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் வாழை. மட்டையை உரித்தால் உள்ளே ஈரமாக, பஞ்சு மாதிரி, தொட்டால் ஜில்லென்று இருக்கும். வாழை மங்கலச் சாமான், ஆத்தா கோவிக்கமாட்டாள் என்பது அவருடைய வாதம். மட்டையை அளவாக வெட்டி, நாரால் வார் வைத்து, முதலில் தன் காலுக்கே ஒரு ஜோடி செய்து மாட்டிக்கொண்டு, பால் சொசைட்டிப் பக்கம் நடந்து பார்க்கப் போனார்.

வாழைமட்டை வழுக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பிள்ளை என்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. சொசைட்டி இறக்கத்தில் ரெண்டு காலும் ரெண்டு பக்கம் போக, மனிதர் பால்கேன்களை எல்லாம் சாய்த்துக்கொண்டு சாக்கடையில் போய் உட்கார்ந்தார். பால் கொண்டுவந்திருந்தவர்கள் சிரித்து முடித்துவிட்டுத்தான் தூக்கிவிட்டார்கள்.

முழங்கை சிராய்ந்து வந்தவருக்கு நான்தான் மருந்து எடுத்துக்கொண்டு போனேன். சிரிக்கத்தான் போனேன், உண்மையைச் சொல்கிறேனே. "போதும்ண்ணே, விடுங்க. கொஞ்ச தூரந்தான? எல்லாப் பிள்ளையுந்தான நடக்குது," என்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து முழங்கையை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா தங்கச்சி. மூஞ்சி பூரா டேப்பு, குழாயி. எம்மக மொகம் எப்புடி இருக்குன்னே எனக்குத் தெரியாது. வெளிய தெரிஞ்சது அந்தக் காலு மட்டுந்தேன். என் கட்டவெரலு தண்டி இருக்கும். ஒரு நா நர்சம்மா வந்து, கையக் கழுவிட்டு அந்த ஓட்ட வழியா ஒத்த வெரல விடுங்கன்னு சொன்னாக. விட்டேன். உள்ளங்காலத் தொட்டேன். வெரல மடக்குனா தங்கச்சி! எனக்கு அவள அப்புடித்தேன் தெரியும். ரத்தம் எடுக்கிறதும் அந்தக் காலுலதேன். அம்புட்டுச் சின்னப் பிள்ளைக்குக் குதிங்கால்ல குத்தித்தேன் எடுப்பாகளாம். தெனமும் குத்துவாக. வாயத் தெறந்து அழுவா, சத்தம் வராது. கத்தத் தெம்பு இல்ல. அப்பச் சொன்னேன், ஆத்தா, இந்தக் காலு பட்டது போதும், இனிமே ஒரு சூடு படாம அப்பன் பாத்துக்கிறேன்னு. அது வேண்டுதல் இல்லையா? அவ வேண்டுனது மட்டுந்தேன் வேண்டுதலா?"

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதை ராணி அக்காவிடம் சொன்னேன். நான் சொன்னால் மனசு இளகுவார் என்று நினைத்தேன்.

"அவுகளாச்சும் தொட்டாக," என்றார் ராணி அக்கா. "நான் ஆபரேசன் பண்ணிப் படுத்துக் கெடந்தேன். எனக்கு எந்திரிக்கக்கூட முடியல. பிள்ளையத் தொட முடியாதவ வேற யார்கிட்டப் போவேன்? ஆத்தாகிட்டத்தான் கேட்டேன். அந்தக் காலு நடந்து நான் பாக்கணும்னு கேட்டேன். குடுத்துட்டா. இப்பப் போயி வெயிலா இருக்கு, செருப்பு மாட்டிக் கூட்டியாரேன்னு சொன்னா, வாங்கினத எங்கன கொண்டுபோயி வைப்பேன்?"

ஒரு சின்னக் கால். அதற்கு ரெண்டு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ரெண்டில் எது ஜெயித்தாலும் தோற்றவர் மனசு ஆறாது. திருவிழாவுக்கு மிச்சம் இருந்த பத்துப் பதினைந்து நாளும் எதிர்வீட்டில் சத்தமே இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

திருவிழா அன்று மகனை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் அவர்களோடு போனேன். வீரபாண்டியில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் சேலையும் வேப்பிலையும் தீச்சட்டிப் புகையும், அந்தப் பக்கம் ராட்டினச் சத்தமும். காச்சக்காரர் ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டி துண்டோடு தண்ணீரில் ஒரு முங்கு முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட வந்து நின்றார். ராணி அக்கா பாப்பாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பாவாடை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துத் தரையில் இறக்கிவிட்டார்.

ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஜனங்கள் ஏறிப் போவதால் கரையோரப் பாதை முழுக்க ஈரம். பாப்பா அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சமத்தாக நடந்தாள். மேலே கோயில் பந்தலுக்கு முன்னால் ஒரு வெட்டவெளி. சிமெண்டுத் தளம். அங்கே ஈரம் நிற்கவில்லை. ஒரு ஓரமாகக் காலை வைத்துப் பார்த்த நானே எடுத்துவிட்டேன். பெரியவர்கள் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வயசுப் பிள்ளை எப்படி ஓடும்? உள்ளே உச்சிப் பூசைக்கு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராணி அக்கா பிள்ளையையும் தளத்தையும் பார்த்தார். பிள்ளையை ஒரு எட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

காச்சக்காரர் முன்னால் வந்தார். இடுப்பில் இருந்த ஈர வேட்டியை ஒரே உருவாக உருவினார். கோடு போட்ட டவுசரோடு நின்றுகொண்டு, வேட்டியை உதறிப் பிள்ளையின் காலுக்கு முன்னால் நீளமாக விரித்தார்.

பாப்பா ஈரத்துணியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு அதில் ஏறினாள். அவள் வேட்டி முடிகிற இடத்துக்கு வருவதற்குள் தோளில் இருந்த ஈரத்துண்டை அடுத்து விரித்தார். அவள் துண்டில் நடக்கும்போது பின்னால் கிடந்த வேட்டியை உருவி முன்னால் கொண்டுவந்து போட்டார். பிள்ளையைப் பார்த்தபடியே குனிந்து பின்பக்கமாக நடந்தார். வேட்டி, துண்டு, வேட்டி, துண்டு.

எங்கள் பக்கம் சாமி புறப்பாட்டில் சாமியாடிகளின் கால் தரையில் படாமல் துணி விரித்துக்கொண்டே போவார்கள். நடைபாவாடை என்று பெயர். துணி விரித்தால் அதில் வருவது சாமி என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். கூட்டத்தில் ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டார்.

"யாருக்குய்யா நடைபாவாட விரிக்கிறாக?"

"தெரியலையா? அந்தப் பிள்ளைக்கு அருளு வந்திருக்கு!"

அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு குலவை. அதைக் கேட்டு இன்னும் பத்துக் குலவை. ஜனங்கள் ரெண்டு பக்கமும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஒருத்தர் தன் ஈரத்துண்டையும் எடுத்து விரித்தார். பெரிய மீசை வைத்த தோட்டக்காரச் சம்சாரி ஒருத்தர் பாப்பாவுக்கு முன்னால் தடாலென்று விழுந்து, "ஆத்தா, இந்த வருசமாவது திராட்சை நல்லாக் காய்க்குமா?" என்று கேட்டார். பாப்பா கையில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று இருந்தது. அதை யோசித்துப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் அதை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றித் துண்டு நுனியில் முடிந்துகொண்டார். பூசைமணியும் கொட்டுச் சத்தமும் குலவையும் சேர்ந்து காதைப் பிளந்தது. நடுவில் ஒரே ஒரு மனிதர், டவுசரோடு, "நகருங்கப்பா, வேட்டி காயுது! கும்பிட்டது போதும், வேட்டி காயுது!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

பந்தல் நிழல் வந்தது. பாப்பா துண்டிலிருந்து இறங்கித் தானாகவே ஆத்தா வாசல் வரைக்கும் நடந்தாள். ராணி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, அருள் தாய்க்கும் வந்துவிட்டது என்று சிலர் கும்பிட்டார்கள். தீபாராதனை முடிந்ததும் நான் பயந்துகொண்டே கேட்டேன். "அக்கா, வேண்டுதல் சேந்துச்சா?"

"அவ காலுல ஒண்ணும் மாட்டல. அவ காலாலயே நடந்து வந்தா," என்றார் ராணி அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "அப்பன் குறுக்க வந்து துணி விரிக்கக் கூடாதுன்னு நான் வேண்டலையே." பிறகு அந்த அழுக்கு வேட்டியைப் பிடுங்கிப் புருஷன் இடுப்பில் தானே சுற்றிவிட்டார். "ஆத்தா வாசல்ல டவுசரோட நிக்கிறாரு பாரு மனுசன்."

திரும்பி ஆற்றங்கரைக்கு வந்தால், நாங்கள் கழற்றிப் போட்டதில் அவருடைய செருப்பை மட்டும் காணவில்லை. திருவிழாவில் செருப்புத் தொலைந்தால் பீடை ஒழிந்தது என்று சந்தோஷப்படுவது எங்கள் வழக்கம். அவரும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினார். பஸ்ஸில் தூங்கிவிட்ட பாப்பாவின் காலைப் பிடித்துத் திருப்பி உள்ளங்காலை எனக்குக் காட்டினார். "பாரு தங்கச்சி, செவக்கக்கூட இல்ல." கண்டக்டருக்குக் காட்டினார். முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பிக் காட்டினார். யாரென்றே தெரியாத அத்தனை பேரும் எட்டிப் பார்த்து, ஆமா, நல்லா இருக்கு, என்றார்கள். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவர் ரெண்டு காலையும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், ரெண்டு உடைந்தும் இருந்தது. அந்தத் தளத்தில் பின்பக்கமாக நடந்தது அவர்தானே.

"என்னண்ணே இது!"

"எது?" என்று குனிந்து பார்த்தார். "அட, ஆமா. அதேன் என்னமோ பண்ணுதுன்னு பாத்தேன்."

சின்னமனூரில் இறங்கும்போது வெயில் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ஆட்டோ எல்லாம் திருவிழாவுக்குப் போய்விட்டது. மெயின்ரோட்டைத் தாண்டினால்தான் எங்கள் தெரு. ராணி அக்கா தோளில் பிள்ளை. அவர் ரோட்டோரத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "நீங்க போங்க, நான் பைய வாரேன்" என்றார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அவருடைய கட்டைவிரலோடு நின்றுவிட்டது.

தெருவில் நான் அதிகமாகக் கிண்டல் செய்த ஆள் அவர்தான். இப்போதும் செய்கிறேன். ஆனால் அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த ரோட்டோரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. துப்பட்டாவை எடுத்தேன். குழாயடியில் நன்றாக முக்கி, பிழியாமல் கொண்டுவந்து, அவர் காலுக்கு முன்னால் தாரில் விரித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

"வேணாம்த்தா. துப்பட்டா நாசமாப் போயிரும்," என்றார்.

"போகட்டும். நகருங்கப்பா, துணி காயுது!" என்று டீக்கடைக்காரர்களைப் பார்த்துக் கத்தினேன். "நீங்க கால வைங்கண்ணே. மெதுவா."